ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் மனை வாங்குகிறவர்களுக்கு: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னும் பின்னும்

ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைத்து வந்தவர்கள், பெங்களூருவில் இடம் வாங்கக் கட்டுப்படியாகாமல் எல்லை தாண்டிப் பார்க்கிறவர்கள், வெளியூரில் சம்பாதித்த காசில் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ வீடு கட்டி உட்கார நினைக்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "ஒரு சைட் பார்த்திருக்கிறோம். பத்திரமெல்லாம் கிளியர் என்கிறார்கள். அட்வான்ஸ் கொடுக்கலாமா?"

கொடுக்க வேண்டாம். முதலில் காகிதங்களின் நகலை வாங்குங்கள். "இன்னொரு பார்ட்டி நாளைக்கு வருகிறார்" என்று புரோக்கர் அவசரப்படுத்தினால் அந்தப் பார்ட்டியே வாங்கிக்கொள்ளட்டும். இந்த இரண்டு மாவட்டத்திலும் மனைகளுக்குப் பஞ்சமில்லை.

பத்திரம் சொல்கிற நிலமும், பட்டா சொல்கிற நிலமும், நீங்கள் நின்று பார்க்கிற நிலமும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் தானாக ஒத்துப்போகும் என்று நினைப்பதில்தான் புதிதாக வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பத்திரம் பதிவுத்துறையின் கையில் இருக்கிறது, பட்டா வருவாய்த்துறையின் கையில் இருக்கிறது, தரையை யாரும் பார்ப்பதில்லை. விற்பவருக்கு உண்மையில் உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்ல என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்த ஆராய்ச்சி உங்கள் பொறுப்பு.

கேட்டு வாங்க வேண்டிய நகல்கள்

விற்பவர் பெயரில் உள்ள கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்கள், பட்டா, எஃப்.எம்.பி. எனப்படும் புலப்படம், லே-அவுட் என்றால் அங்கீகரிக்கப்பட்ட வரைபடமும் உத்தரவும். கட்டின வீடு என்றால் கட்டட அனுமதி, சொத்துவரி ரசீது, மின் இணைப்பு எண் ஆகியவையும் வேண்டும். இவற்றில் எதைக் கேட்டாலும் "பதிவு அன்றைக்குக் காட்டுகிறோம்" என்று பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடலாம்.

நகல் சரியாக இருந்தால் அசலையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். அசல் பத்திரத்தைக் கொடுத்துக் கடன் வாங்கியிருப்பது நம் பக்கம் சகஜம். வங்கியில் வைத்திருந்தால் பெரும்பாலும் வில்லங்கச் சான்றில், அதாவது ஈசியில் தெரிந்துவிடும். கைமாற்றாக ஒரு பைனான்சியரிடம் வைத்திருந்தால் எங்கேயும் தெரியாது. "தாய்ப் பத்திரம் தொலைந்துவிட்டது" என்று சொல்கிறவரிடம் காவல் நிலையத்தில் வாங்கிய 'கண்டுபிடிக்க முடியவில்லை' சான்றும், நாளிதழில் கொடுத்த அறிவிப்பும் கேளுங்கள். அவை இரண்டும் இல்லாமல் மேலே போகாதீர்கள்.

பழைய பத்திரத்தில் உங்கள் மாவட்டம் இருக்காது

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2-ஆம் தேதி சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9-ஆம் தேதி தருமபுரியிலிருந்து பிரிந்தது. ஆகவே ஓசூர் பக்கத்து நிலம் ஒன்றின் 1960-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் சேலம் மாவட்டம் என்றும், 1990-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் தருமபுரி மாவட்டம் என்றும், இன்றைய பத்திரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் என்றும் இருக்கும். தாலுக்காவும் அப்படித்தான். சூளகிரி ஓசூரோடும், அஞ்செட்டி தேன்கனிக்கோட்டையோடும், நல்லம்பள்ளி தருமபுரியோடும் இருந்தவை. இதைப் பார்த்து 'வேறு நிலமோ' என்று பயப்பட வேண்டியதில்லை. கிராமப் பெயரும் சர்வே எண்ணும் தொடர்ந்து வருகின்றனவா என்பதுதான் கேள்வி.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலக எல்லைகளும் மாறியிருக்கின்றன. இன்று உங்கள் கிராமம் ஒரு அலுவலகத்தில் இருக்கும், இருபது வருடத்துக்கு முன்னால் வேறொன்றில் இருந்திருக்கும். ஈசி எடுக்கும்போது இன்றைய அலுவலகத்தில் மட்டும் தேடிவிட்டு "வில்லங்கம் ஏதுமில்லை" என்று நிம்மதி அடையக் கூடாது. கிராமம் முன்பு எந்த அலுவலகத்தில் இருந்தது என்று அங்கேயே விசாரித்து, அந்தக் காலத்துக்கும் தேடச் சொல்லுங்கள்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மிகப் பழைய ஆவணங்கள் சில தெலுங்கிலோ கன்னடத்திலோ இருக்கக்கூடும். படிக்கத் தெரிந்தவரை வைத்து முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். "சாரம் இதுதான்" என்று விற்பவர் தரப்பு எழுதிக் கொடுக்கும் தமிழ்ச் சுருக்கம் போதாது.

ஈசியை வாசிக்கிற முறை

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகவே பார்க்கலாம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல் கணினியில் இருக்கிறது, அதற்கு முந்தையதை மனு கொடுத்துத்தான் தேட வேண்டும். குறைந்தது 30 வருடம் பாருங்கள். சர்வே எண்ணை வைத்துத் தேடும்போது இன்றைய உட்பிரிவு எண்ணோடு நிறுத்தாமல் அதன் தாய் எண்ணையும் போட்டுத் தேடுங்கள். இன்று 112/3பி என்று இருப்பது முன்பு 112/3 ஆகவும், அதற்கு முன் 112 ஆகவும் இருந்திருக்கும். அடமானமோ, விற்கும் அதிகாரத்தை இன்னொருவருக்குக் கொடுத்த பவரோ அந்தப் பழைய எண்ணில் உட்கார்ந்திருக்கும்.

ஈசியில் ஒவ்வொரு பதிவுக்கும் ஆவண எண், தேதி, ஆவணத்தின் தன்மை, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், முந்தைய ஆவண எண், சொத்து விவரம் என்று வரிசையாக இருக்கும். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேலிருந்து கீழாகப் பெயர்களை எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரு பத்திரத்தில் வாங்கியவர்தான் அடுத்த பத்திரத்தில் கொடுப்பவராக வர வேண்டும். இடையில் ஒரு பெயர் திடீரென்று முளைத்தால் அங்கே ஒரு இறப்போ, பாகமோ, உயிலோ இருக்கிறது என்று பொருள். அதற்கான காகிதத்தைக் கேளுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு நிலத்தை வைத்துக்கொள்வோம். 1972-இல் ஒருவர் கிரயம் வாங்குகிறார். 1995-இல் இறந்துபோகிறார். 1998-இல் அவருடைய மூன்று மகன்கள் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்துகொள்கிறார்கள். 2009-இல் நடுமகன் தன் பங்கை லே-அவுட்காரருக்கு விற்கிறார். ஈசியில் எல்லாம் கோத்தமாதிரி வரும், ஒரு வில்லங்கமும் தெரியாது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஈசியில் இல்லாத ஒன்று: அந்த வீட்டில் பெண் பிள்ளைகள் இருந்தார்களா? இறந்தவரின் மனைவியும் தாயும் 1995-இல் உயிரோடு இருந்தார்களா?

உயில் எழுதாமல் இறந்தவரின் சுயசம்பாத்தியச் சொத்தில் மனைவிக்கும், தாய்க்கும், மகன்களுக்கும், மகள்களுக்கும் சமபங்கு என்று 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. பூர்வீகச் சொத்திலும் பெண்களுக்குப் பங்கு உண்டு. தமிழ்நாடு 1989-லேயே, அப்போது மணமாகாதிருந்த பெண்களுக்கு அதைக் கொடுத்தது. 2005-இல் நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் வந்தது. 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நம் ஊர்க் குடும்பங்களில் "பெண்ணுக்கு நகை போட்டுக் கல்யாணம் செய்துவிட்டோம்" என்று சொல்லிப் பாகத்தில் விட்டுவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சட்டத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது. அந்தச் சகோதரிகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்திருக்க வேண்டும், அல்லது உங்கள் கிரயத்தில் அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். அது அவர்களுக்குச் சேர வேண்டிய நியாயமும்கூட. வாரிசுச் சான்றிதழை வாங்கி, அதிலுள்ள ஒவ்வொரு பெயரும் எங்காவது கையெழுத்துப் போட்டிருக்கிறதா என்று விரல் வைத்துச் சரிபாருங்கள்.

கிறிஸ்தவர், இஸ்லாமியர் குடும்பங்களின் வாரிசுரிமைக் கணக்கு வேறு. அதை அந்தச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வாரிசுகளில் 18 வயது நிறையாதவர் யாராவது இருந்து, அவர் பங்கைக் காப்பாளர் விற்றிருந்தால், நீதிமன்ற அனுமதி வாங்கினார்களா என்று பாருங்கள். வாங்காவிட்டால் அந்தப் பிள்ளை வளர்ந்து வந்து கேட்க முடியும்.

பவர் பத்திரத்தை வைத்து விற்கிறவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் முடிந்தது. பதிவுக்கு அவர் உயிரோடு இருக்கிறார் என்ற மருத்துவர் சான்று கேட்பார்கள். அதோடு விடாமல் அவரையே நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். "ஆமாம், நான்தான் விற்கச் சொன்னேன்" என்று அவர் வாயால் கேட்பதற்கு ஆகும் ஒரு நாள் பயணம் வீணாகாது. பவர் ரத்தாகியிருக்கிறதா என்று ஈசியிலும் பாருங்கள்.

ஈசியில் வராதவையும் உண்டு. நீதிமன்ற வழக்கை இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவர் பெயரையும் அவர் தகப்பனார் பெயரையும் போட்டுத் தேடலாம். வழக்கு நடக்கும்போது வாங்கினால் அந்தத் தீர்ப்பு உங்களையும் கட்டுப்படுத்தும். வங்கி அடமானங்களை செர்சாய் தளத்தில் சிறு கட்டணத்தில் பார்க்கலாம். இதெல்லாம் முடிந்தபின், "இன்ன சர்வே எண்ணுள்ள நிலத்தை வாங்கப் போகிறோம், ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கவும்" என்று உங்கள் வழக்கறிஞர் பெயரில் இந்தப் பகுதியில் வரும் நாளிதழில் ஒரு விளம்பரம் கொடுப்பது நல்லது.

பட்டா, அ-பதிவேடு, வாங்கவே கூடாத நிலங்கள்

தமிழக அரசின் நில ஆவண இணைய சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஓசூர் போன்ற நகரப் பகுதி என்றால் நகர நில அளவைப் பதிவேடு. கிராம நத்தம் என்றால் நத்தம் பட்டா தனி. கர்நாடகாவிலிருந்து வருகிறவர்கள் அங்குள்ள 'கட்டா' என்னும் உள்ளாட்சிச் சொத்துப் பதிவை இங்கே தேடி அலைய வேண்டாம். இங்கே அந்த ஏற்பாடு இல்லை. பட்டாவும் பத்திரமும்தான்.

பட்டாவில் மூன்றைப் பாருங்கள். பெயர் விற்பவருடையதா? கூட்டுப் பட்டாவா? பரப்பு ஒத்துப்போகிறதா? பரப்பில்தான் பலரும் குழம்புவார்கள். பத்திரம் ஏக்கர், சென்ட், சதுர அடியில் பேசும், பட்டா ஹெக்டேர், ஏரில் பேசும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 2.47 சென்ட். இந்தப் பக்கம் அதிகம் விற்கும் முப்பதுக்கு நாற்பது மனை 1,200 சதுர அடி, சுமார் 2.75 சென்ட், 111.5 சதுர மீட்டர். லே-அவுட்டில் இருக்கும் எல்லா மனைகளையும் சாலைகளையும் பூங்காவையும் கூட்டினால் பட்டாவில் உள்ள மொத்தப் பரப்பைத் தாண்டக் கூடாது. கொஞ்சம் பொறுமையாகக் கூட்டிப் பார்த்தால் இல்லாத மனையை விற்பது கையும் களவுமாகத் தெரிந்துவிடும்.

1979 முதல் 1987 வரை மாநிலம் முழுக்க நடந்த யு.டி.ஆர். எனப்படும் நில உடைமை மேம்பாட்டுக் கணக்கெடுப்பில் பட்டாப் பெயர்களும் சர்வே எண்களும் தவறாக ஏறிய நிலங்கள் நிறைய. பத்திரத்தில் உரிமை ஒருவருக்கும், யு.டி.ஆர். பட்டா இன்னொருவருக்கும் இருந்தால், விற்பவரே அதை முதலில் வருவாய்த்துறையில் சரிசெய்துகொண்டு வரட்டும். "நீங்கள் வாங்கியபிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்பதை ஏற்காதீர்கள்.

அ-பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாட்டைப் பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் மேலே படிக்கவே வேண்டாம். பாராமகால் என்று பழைய பெயர் கொண்ட இந்தப் பூமி ஏரிகளாலும் அவற்றை இணைத்த கால்வாய்களாலும் பிழைத்த பூமி. வறட்சி வருடத்தில் வெறும் மேடாகக் கிடக்கும் ஓடை நல்ல மழையில் திரும்பி வந்து தன் இடத்தைக் கேட்கும். நீர்நிலைகள் மேல் கட்டியவற்றை அகற்ற நீதிமன்றங்கள் தொடர்ந்து உத்தரவிடுகின்றன.

அடுத்தது நிபந்தனைப் பட்டா. நிலமற்றவர்களுக்கு அரசு ஒப்படைத்த நிலத்தை விற்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. பஞ்சமி நிலம் 1892 உத்தரவின்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்காக ஒதுக்கப்பட்டது. அதைப் பட்டியல் சமூகத்தார் அல்லாதவர் வாங்கினால் அது செல்லாது. பணம் போவது ஒரு பக்கம், ஒரு தலைமுறைக்குச் சேர வேண்டிய நிலத்தைப் பறித்த பாவமும் சேரும். பூதான நிலம், நில உச்சவரம்பில் எடுத்த நிலம், கோயில் மானியமாக இருந்த தேவதான நிலம், வக்ஃப் நிலம் இவற்றையும் பட்டியலில் வைத்து விசாரியுங்கள். கோயில் நிலத்தை விற்க அறநிலையத்துறை ஆணையரின் அனுமதி வேண்டும். ஊரில் நாலு பெரியவர்களிடம், "இந்த நிலம் முன்னாடி யாருடையது?" என்று கேட்டால் போதும், காகிதத்தில் இல்லாத கதை பாதி வெளியே வந்துவிடும். கிராம நிர்வாக அலுவலரையும் நேரில் பாருங்கள்.

அங்கீகாரம் இல்லாத மனை, 'பஞ்சாயத்து அப்ரூவல்', மாந்தோப்பு பிளாட்

2016 அக்டோபர் 20-க்குப் பிறகு அங்கீகாரமில்லாத லே-அவுட்டில் புதிதாக மனை பிரித்துப் பதிய முடியாது. அந்தத் தேதிக்கு முன்பே மனையாகப் பதிவானவற்றுக்காக 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. ஆகவே பழைய லே-அவுட் என்றால் வரன்முறை உத்தரவைக் கேளுங்கள். லே-அவுட்டுக்கும் வேண்டும், உங்கள் தனி மனைக்கும் வேண்டும். பழைய வரைபடங்களில் ஊராட்சித் தலைவர் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டதைக் காட்டி 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்பார்கள். நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபியின் ஒப்புதல் இல்லாமல் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை. வங்கிக் கடனும் கட்டட அனுமதியும் அங்கேயே நின்றுவிடும்.

டிடிசிபி எண் அச்சிட்ட நோட்டீஸைப் பார்த்ததும் நம்பிவிடாமல், அந்த எண்ணை உத்தரவோடும் வரைபடத்தோடும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கத்துக்கு அங்கீகாரம் வாங்கிவிட்டு அதே எண்ணில் பக்கத்துத் தோட்டத்தையும் விற்பது உண்டு. உங்கள் மனை எண் அங்கீகார வரைபடத்தில் அதே இடத்தில், அதே அளவில் இருக்க வேண்டும். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லே-அவுட்டில் 10 சதவீதம் திறந்தவெளிக்கு விட வேண்டும். சாலைகளும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தானப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். பூங்கா இடத்தையே மனையாக்கி விற்ற கதைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. 500 சதுர மீட்டருக்கு மேலோ, எட்டு மனைக்கு மேலோ உள்ள புதிய திட்டம் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான தமிழ்நாடு ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். எண்ணை அவர்கள் தளத்திலேயே சரிபார்க்கலாம்.

இப்போது ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் பெங்களூரு வாங்குபவர்களைக் குறிவைத்து 'ஃபார்ம் லேண்ட்' விற்பனை நடக்கிறது. மாந்தோப்பை கால் ஏக்கர், பத்து சென்ட் என்று கூறுபோட்டு, விவசாய நிலமாகவே பதிந்து கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம், அதில் தடையில்லை. வெளிநாடுவாழ் இந்தியர்கள்தான் வாங்க முடியாது. சிக்கல் அதற்கப்புறம் வருகிறது. அந்தப் பத்து சென்ட்டில் வீடு கட்ட அனுமதி கிடைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. உள்ளே போகும் சாலை தனியார் நிலம். காவிரி வடக்கு, காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயங்களும் காப்புக்காடுகளும் அருகில் இருப்பதால் சில இடங்களில் கட்டுமானத்துக்குத் தனிக் கட்டுப்பாடும் உண்டு, யானை வரும் வழியும் உண்டு. குடியிருக்க வீடு வேண்டும் என்றால் இதை வாங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

தரையில் இறங்கிப் பார்ப்பது

புலப்படத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிலத்துக்குப் போங்கள். படத்தில் கல் இருக்கும் மூலைகளும், அவற்றுக்கு இடைப்பட்ட நீளம் மீட்டரிலும் குறித்திருக்கும். டேப்பைப் பிடித்து நீங்களே ஒருமுறை அளந்து பாருங்கள். அப்புறம், அட்வான்ஸுக்கு முன்னால் அரசு சர்வேயரை வைத்து அளப்பதை ஒரு நிபந்தனையாக வையுங்கள். மனு பட்டாதாரர் பெயரில் போக வேண்டும், ஆகவே விற்பவர்தான் இணையத்தில் கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். அளக்கும் அன்று நான்கு பக்கத்துக்காரர்களும் இருக்கட்டும். வரப்பு இரண்டு அடி தள்ளி வந்திருக்கிறது என்றால் அன்றைக்கே தெரிவது நல்லது.

பத்திரத்தின் செக்குபந்தியை, அதாவது நான்கெல்லை விவரத்தை அங்கே நின்று உரக்க வாசியுங்கள். 'கிழக்கு: இன்னாரின் மாந்தோப்பு, மேற்கு: இன்னாரின் பாக நிலம், வடக்கு: ஓடை, தெற்கு: வண்டிப்பாதை' என்று இருக்கிறதா? இப்போது வடக்கே ஓடை தெரியவில்லை, சமன்படுத்திய மண்தான் தெரிகிறது என்றால், நீங்கள் நிற்கும் இடத்தில் பாதி ஓடையாக இருக்கலாம். தெற்கே உள்ள பாதை யாருடையது? புலப்படத்தில் பாதையாக வரைந்திருக்கிறதா, அல்லது பக்கத்துக்காரர் நல்ல மனதோடு விட்டிருக்கும் தடமா? நல்ல மனது அடுத்த தலைமுறைக்கு எழுதி வைக்கப்படுவதில்லை. பாதை வேறொருவர் நிலத்தில் போகிறது என்றால், பாதைப் பாத்தியம் அகலம் சொல்லிப் பத்திரத்தில் வர வேண்டும், அந்த நிலக்காரர் எழுதிக் கொடுத்த ஆவணமும் வேண்டும். வீடு கட்ட லாரி உள்ளே வர முடியாத மனைகளை நிறையப் பேர் வாங்கிவிட்டுத் திண்டாடுகிறார்கள்.

தண்ணீரையும் அன்றைக்கே விசாரித்துவிடுங்கள். சட்டப் பிரச்சினை இல்லைதான், ஆனால் இந்த மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகவே வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013 முதல் ஓடுகிறது. உங்கள் தெருவுக்கு அந்த இணைப்பு இருக்கிறதா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

கையகப்படுத்தலில் இருக்கிறதா?

சிப்காட் விரிவாக்கம், ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தருமபுரி போகும் தேசிய நெடுஞ்சாலை 844, பெங்களூரைச் சுற்றிவரும் வட்டச்சாலை, மொரப்பூர் - தருமபுரி ரயில் பாதை என்று இங்கே நிலம் எடுப்பு ஓயாமல் நடக்கிறது. 2024 ஜூனில் ஓசூர் விமான நிலையம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டதும் மனை விளம்பரங்களின் தொனியே மாறிவிட்டது. "விமான நிலையத்துக்குப் பத்து நிமிடம்" என்று கேட்கும்போது, அந்தத் திட்டத்துக்காக எடுக்கும் நிலத்துக்குள்ளேயே இந்த மனை வருமா என்று கேட்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்திலும், சம்பந்தப்பட்ட நில எடுப்புப் பிரிவிலும் சர்வே எண்ணைக் கொடுத்து விசாரியுங்கள். சந்தேகம் இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். அறிவிப்பு வந்தபின் வாங்கினால் இழப்பீட்டுக்காக இரண்டாவது அலைச்சல் ஆரம்பிக்கும்.

ஒப்பந்தம்

இவ்வளவும் பார்த்து, உங்களுக்காக மட்டும் வேலை செய்யும் வழக்கறிஞரிடம் எழுத்து மூலமாக லீகல் ஒபினியன் வாங்கியபிறகுதான் அட்வான்ஸ். விற்பவர் தரப்பு வழக்கறிஞரின் கருத்தோ, "வங்கியே கடன் கொடுக்கிறது" என்ற வார்த்தையோ இதற்குப் பதிலாகாது.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை விடுங்கள். பதிவானால் அது ஈசியில் ஏறும். பிறகு வேறு யாருக்கும் அதே மனையை விற்பது விற்பவருக்குக் கஷ்டம். ஒப்பந்தத்தில் விலை, அட்வான்ஸ், கெடு, அளந்து குறைந்தால் விலையை எப்படிக் குறைப்பது, பட்டாப் பிழையை யார் எந்தத் தேதிக்குள் சரிசெய்வது, வங்கியின் சட்டக் கருத்து பாதகமாக வந்தால் எத்தனை நாளில் அட்வான்ஸ் திரும்பும் என்று எல்லாம் வரட்டும். அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். ரொக்கமாக 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வாங்குவது வருமான வரிச் சட்டப்படியும் தவறு.

செலவுக் கணக்கு

2023 ஏப்ரல் முதல் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை, சொத்து மாற்று வரி இரண்டும் சேர்த்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். நீங்கள் கொடுக்கும் விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல். சதுர அடிக்கு 800 ரூபாய் வழிகாட்டி மதிப்பு என்று வைத்துக்கொண்டால் 1,200 சதுர அடிக்கு 9,60,000 ரூபாய். அதற்கு 86,400 ரூபாய் ஆகும். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு, அப்போது 76,800. மனைவி பெயரிலோ அம்மா பெயரிலோ வாங்குவதற்கு இது ஒரு நல்ல காரணம்.

விலையைக் குறைத்துக் காட்டச் சொல்லுவார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். நாளைக்கு விற்பனை ரத்தாகிப் பணம் திரும்ப வேண்டும் என்றால் பத்திரத்தில் எழுதிய தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் நிரூபிக்க முடியாது. 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்து அரசுக்குக் கட்டுவது வாங்குகிறவரின் கடமை. விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் பிடித்தம் மிக அதிகம், ஆடிட்டரைக் கேளுங்கள்.

பதிவு நாள்

பத்திரத்தின் வரைவை முந்தின நாளே வாங்கி வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். பத்திர எழுத்தர் அலுவலகத்தில் நின்றுகொண்டு படித்தால் பிழை கண்ணில் படாது. பெயர்களின் எழுத்து ஆதாரில் உள்ளபடி இருக்கட்டும். சர்வே எண், உட்பிரிவு, மனை எண், பரப்பு, நான்கெல்லை, ஒவ்வொரு பக்கத்தின் நீளம், பாதைப் பாத்தியம், டிடிசிபி எண், முந்தைய ஆவண எண்கள், பணம் கொடுத்த விவரம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். பின்னால் ஒரு எழுத்தைத் திருத்தவும் விற்பவரைத் தேடிப் பிடித்துத் திருத்தல் பத்திரம் எழுத வேண்டியிருக்கும்.

டோக்கன் இணையத்தில் எடுத்து, தீர்வையையும் கட்டணத்தையும் இணையத்திலேயே கட்டிவிடலாம். காலிமனை என்றால் இடக்குறியீட்டோடு எடுத்த புகைப்படம் இணைக்க வேண்டும். இரண்டு சாட்சிகள், எல்லோருடைய அசல் அடையாள அட்டை, விற்பவரின் அசல் பத்திரங்கள் வேண்டும். கைரேகை, புகைப்படம் முடிந்ததும் பாக்கிப் பணத்தைக் கொடுங்கள், அதே மேசையில் தாய்ப் பத்திரங்களின் அசலை வாங்குங்கள். பெரிய நிலத்தில் ஒரு மனை என்பதால் அசல் தரமுடியாது என்றால் சார்பதிவாளர் அலுவலகச் சான்றிட்ட நகல்களை வாங்கி, தேவைப்படும்போது அசலைக் காட்டுவேன் என்ற வாசகத்தையும் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பதிவான பிறகு

உட்பிரிவு செய்ய வேண்டாத முழு நிலம் என்றால் பட்டா தானாகவே இணையவழியில் மாறும். உட்பிரிவு தேவை என்றால் சர்வேயர் வந்து அளந்து புது எண் கொடுத்தபிறகுதான் தனிப் பட்டா. வருமென்று காத்திருக்காமல் மனு எண்ணை வைத்துக்கொண்டு தொடர்ந்து பாருங்கள். இங்கே நிறையப் பேர் பத்திரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே இருப்பதைத் தெரிந்துகொண்டு இரண்டாம் முறை விற்கிறவர்களும், அதை வைத்து நில எடுப்பு இழப்பீடு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

புதுப் பட்டா வந்ததும் பெயரையும் பரப்பையும் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஈசி ஒன்று எடுத்து உங்கள் பத்திரம் ஏறிவிட்டதா என்று உறுதி செய்யுங்கள். காலிமனை வரியோ வீட்டு வரியோ, மின் இணைப்போ, குடிநீர்க் கட்டணமோ எதுவானாலும் பெயர் மாற்றம் செய்யுங்கள். வீடு கட்டுவதாக இருந்தால், 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. அதற்கும் அங்கீகரிக்கப்பட்ட மனை என்பதே முதல் நிபந்தனை.

கட்டுவது தள்ளிப்போகிறது என்றால் நான்கு மூலையிலும் கல் நட்டு, முள்கம்பி போட்டு, உங்கள் பெயரும் சர்வே எண்ணும் எழுதிய பலகை வையுங்கள். வெளியூரில் இருந்தால் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது மனையை ஒரு நடை பார்த்து, தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை ஈசியையும் பட்டாவையும் இணையத்தில் திறந்து பாருங்கள். பார்ப்பதற்குக் காசு கிடையாது.